நிற்கத் தெரிந்த கன்வேயர்

இணையத்தில் வாங்கிய ஒரு குக்கர் நம் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பல கன்வேயர்களில் ஏறி இறங்கியிருக்கும். கிடங்கின் அலமாரியிலிருந்து பேக்கிங் மேசைக்கு ஒன்று, அங்கிருந்து லாரி நிற்கும் கதவுக்கு ஒன்று, ஊர் தாண்டிப் போனால் இடையிலுள்ள விநியோக மையத்தில் இன்னும் இரண்டு மூன்று. இவற்றைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நீளமும் வேகமும்தான் முன்னால் நிற்கும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் யுபிஎஸ் நிறுவனம் 2002-இல் திறந்து பின்னர் விரிவாக்கிய வேர்ல்ட்போர்ட் மையத்தில் சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கன்வேயர் ஓடுகிறது. மணிக்கு 4 லட்சம் பார்சல்களுக்கு மேல் பிரிக்க முடியும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. மலைக்க வைக்கும் எண்கள்தான். ஆனால் ஒரு கன்வேயர் அமைப்பை நன்றாக யோசித்துக் கட்டினார்களா என்பதை அது ஓடும் வேகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஓட முடியாமல் போகும் நேரத்தில் பெட்டிகள் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், மறுபடி எப்படிப் புறப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்களா என்பதில்தான் அதன் தரம் தெரியும். கிடங்கு கட்டப் பணம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

வேகத்தின் கணக்கு எளிது. அதனாலேயே அது ஏமாற்றும். அரை மீட்டர் நீளப் பெட்டிகள் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வருகின்றன, பெல்ட் நொடிக்கு 2 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கும் இடைவெளிக்குமாகச் சேர்த்து 80 சென்டிமீட்டர். நொடிக்கு இரண்டரைப் பெட்டி, மணிக்கு 9000. விற்பவர் தரும் தாளில் இந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நடைமுறையில் பெட்டிகள் ஒரே நீளத்தில் வருவதில்லை. ஷாம்பு வைத்த சின்னப் பெட்டிக்குப் பின்னால் மின்விசிறிப் பெட்டி வரும். மூன்று நான்கு கிளைகள் ஒரு பிரதான பாதையில் வந்து சேரும் இடத்தில், ஒன்று நுழைய மற்றவை நின்றாக வேண்டும். பார்கோடைப் படித்துப் பெட்டியைத் தொடர்ந்து கண்காணிக்க, முன்பெட்டிக்கும் பின்பெட்டிக்கும் நடுவே தெளிவான வெளி வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் சென்சார் இரண்டையும் ஒரே பெட்டியாக எண்ணும், ஏதாவது ஒன்று தவறான ஊருக்குப் போகும். ஆகவே தாளில் உள்ள அந்த 9000 ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். பெல்ட்டின் வேகத்தை மட்டும் கூட்டினால், பெட்டி அடுத்த நெரிசலுக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

நெரிசலாவது உச்ச நேரத்தில் வருவது. பழுது எந்த நேரத்திலும் வரும். அட்டைப்பெட்டியை விரிக்கும் இயந்திரம், டேப் ஒட்டும் இயந்திரம், எடை பார்க்கும் பகுதி, லேபிள் ஒட்டும் கருவி, ஸ்கேனர், பிரிப்பான் என்று ஒரு பாதையில் இருபது கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் நூறு மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் நிற்கும், மற்றபடி ஒழுங்காக ஓடும். தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத கருவிகள். ஆனால் இடையில் பெட்டி நிற்க இடமே விடாமல் எல்லாவற்றையும் ஒட்டுக்க இணைத்துவிட்டால், ஒன்று நின்றால் இருபதும் நிற்கும். 0.99-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள், 0.82 வரும். நூறு மணி நேரத்தில் 18 மணி நேரம் முழுப் பாதையும் சும்மா கிடக்கிறது என்று பொருள். இதற்கு எந்தக் கருவியையும் பொறுப்பாக்க முடியாது. கருவிகளுக்கு நடுவே விடாத வெற்றிடம்தான் பொறுப்பு. போதிய இடம் விட்டிருந்தால் ஒன்று நிற்கும்போது அதற்கு முந்தியது பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே ஓடும், பிந்தியது ஏற்கெனவே சேர்ந்திருந்ததை எடுத்துக்கொண்டு ஓடும். சின்னச் சின்ன நிறுத்தங்கள் வெளியே தெரியாமலே கரைந்துவிடும்.

அந்த இடத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் மிக அழகான பகுதி. திருப்பதிக்குப் போனவர்களுக்கு வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ் தெரியும்: கூட்டத்தை ஒரே வரிசையாக நெருக்கித் தள்ளாமல், அறை அறையாக உட்கார வைத்து, முன்னால் இடம் விழ விழப் பின்னறைகளைத் திறந்துவிடுவார்கள். இன்றைய கிடங்குக் கன்வேயரும் அப்படித்தான் பெட்டிகளை நிறுத்துகிறது. பாதை முக்கால் மீட்டர் அளவுள்ள பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஏழரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்து ரோலர்கள். அவற்றில் ஒன்றின் குழலுக்குள் மட்டும் 24 வோல்ட் மோட்டார் இருக்கும், மற்ற ஒன்பதும் மெல்லிய பட்டைகள் வழியாக அதோடு சேர்ந்து சுழலும். பகுதியின் முன்முனையில் ஒரு ஒளிச் சென்சார். பெட்டி வந்து ஒளிக்கற்றையை மறைத்ததும், அந்தப் பகுதியின் கட்டுப்பாட்டு அட்டை முன்பகுதி காலியா என்று பார்க்கும். காலியென்றால் பெட்டி நிற்காமல் கடக்கும். இல்லையென்றால் மோட்டார் நின்றுவிடும். பின்னால் வருவது அதற்குப் பின்பகுதியில் நிற்கும். ஒரு பெட்டி இன்னொன்றைத் தொடாது. முன்பெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் மேல் பெட்டிகள் தேங்கும்போது, பின்னால் இருப்பவை எல்லாம் சேர்ந்து முதல் பெட்டியை அழுத்தும். அட்டை நசுங்கும், வளைவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இந்த முறையில் அது இல்லை. பெட்டி இல்லாத இடத்தில் மோட்டாரும் ஓடாது என்பதால் மின்சாரமும் மிச்சம், சத்தமும் குறைவு. மிகச் சிறிய பெட்டியின் அடியிலும் எப்போதும் மூன்று ரோலர்கள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி. ஆகவே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் ரோலர் வைத்த பாதையில் 22.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த பெட்டியை நேரடியாக விடக்கூடாது, ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இப்படி, ரோலர் இடைவெளி கடையில் என்ன விற்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறது.

எவ்வளவு இடம் விட வேண்டும்? நிமிடத்துக்கு 40 பெட்டிகள் வரும் பாதையில், டேப் ஒட்டும் இயந்திரத்துக்குப் புது ரோல் மாட்ட மூன்று நிமிடம் ஆகிறதென்றால், அதற்குள் 120 பெட்டிகள் வந்து நிற்கும். பெட்டிக்கு முக்கால் மீட்டர் வீதம் 90 மீட்டர் பாதை வேண்டும். கணக்கு இதோடு முடியவில்லை. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும்போதும் நிமிடத்துக்கு 40 வந்துகொண்டேதான் இருக்கும். அந்த இயந்திரமும் சரியாக 40-தான் முடிக்கும் என்றால், சேர்ந்த 120 என்றைக்கும் கரையாது. அடுத்த ரோல் மாற்றும்போது நிற்க இடமே இருக்காது. நிமிடத்துக்கு 50 முடிக்கக்கூடியதாக இருந்தால் 12 நிமிடத்தில் தேக்கம் தீரும். எந்தக் கருவியையும் அதன் முழுத் திறனுக்கு ஒட்டி வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரிசைக் கோட்பாட்டில் ஒரு எளிய மாதிரி உண்டு. வருகையும் வேலை நேரமும் ஒழுங்கில்லாமல் இருக்கும் ஒரு நிலையத்தில், திறனில் 80 சதவீதம் பயன்படுத்தினால் சராசரியாக 4 பெட்டிகள் அங்கே இருக்கும். 90 சதவீதத்தில் 9. 95 சதவீதத்தில் 19. 99 சதவீதத்தில் 99. கடைசி சில சதவீதத்தைப் பிழிந்தெடுக்கும் ஆசைக்கு வரிசை இந்த விலையைக் கேட்கிறது. நூறு சதவீதம் பயன்பாடு என்று பெருமையோடு சொல்லப்படும் வடிவமைப்பைக் கண்டால் அஞ்சத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிராக யோசித்தவர்களின் கதை அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் இருக்கிறது. பயணப் பெட்டிகளைக் கையாளும் தளம் வேலையளவில் ஒரு விநியோக மையம்தான்: வாயிலில் லேபிள், நடுவில் ஸ்கேனர், முடிவில் வாகனம். டென்வரில் விமான நிலையம் முழுவதற்கும் தானியங்கி அமைப்பு ஒன்றை 1992-இல் பிஏஇ ஆட்டோமேட்டட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தம் 19 கோடி டாலருக்கும் மேல். ஆயிரக்கணக்கான சிறு வண்டிகள் தரையடித் தடங்களில் ஓட, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பயணப் பெட்டி. வண்டிகள் எங்கேயும் நிற்க வேண்டாம், ஓடிக்கொண்டே பெட்டியை ஏற்கும், ஓடிக்கொண்டே இறக்கும் என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 1994-இல் செய்தியாளர்களை அழைத்து ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் நசுங்கின, துணிமணிகள் தடத்தில் சிதறின. 1993 அக்டோபரில் திறந்திருக்க வேண்டிய விமான நிலையம் 1995 பிப்ரவரி 28-இல்தான் திறந்தது. தாமதம் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலரைத் தின்றது. கடைசியில் ஒரே ஒரு முனையத்தில், அதுவும் புறப்படும் விமானங்களுக்கு மட்டும் அந்த அமைப்பு ஓடியது. அதைப் பயன்படுத்திவந்த யுனைடெட் ஏர்லைன்ஸ், பராமரிப்புக்கே மாதம் 10 லட்சம் டாலர் ஆகிறது என்று 2005-இல் கைவிட்டது.

டென்வரின் தோல்விக்கு நிர்வாகக் கோளாறுதான் காரணம், கன்வேயர் கோட்பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிர்வாகத் தவறுகள் ஏராளமாக இருந்தது உண்மை. கட்டடம் பாதி எழும்பிய பிறகுதான் இந்த அமைப்பு முடிவானது. தடங்களைக் கட்டடத்தின் திருப்பங்களுக்குள் நெருக்க வேண்டியிருந்தது. விமான நிறுவனங்கள் நடுவில் மாற்றங்கள் கேட்டன. மியூனிக் விமான நிலையத்தில் இதைவிட எளிய அமைப்பை, திறப்புக்கு முன் ஆறு மாதம் இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். டென்வரில் அதற்கு நேரமே வைக்கவில்லை. ஆனால் எம்ஐடியின் ரிச்சர்ட் டி நியூஃப்வில் 1994-இல் எழுதிய ஆய்வில் இன்னும் அடியில் உள்ள ஒரு கோளாறைச் சுட்டினார். வண்டிகள் ஒரே சுற்றில் ஓடுகின்றன; வழியில் பல இடங்களில் பெட்டிகள் ஏறுகின்றன. முதலில் வரும் ஏற்றிடத்தில் கூட்டம் அதிகமானால், காலி வண்டிகள் எல்லாம் அங்கேயே நிரம்பிவிடும். அடுத்தடுத்த இடங்களுக்கு வருவது நிரம்பிய வண்டிகள் மட்டுமே. அங்கே பெட்டி இருக்கும், தடம் ஓடும், வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஏற்ற ஒரு வண்டி இருக்காது. யாரை எப்போது நிறுத்தி வைப்பது, காலி வண்டியை யாருக்காக ஒதுக்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் வேகத்தை மட்டும் வாங்கியிருந்தார்கள். எவ்வளவு சிறந்த நிர்வாகம் வந்தாலும், காத்திருப்பைக் கணக்கில் சேர்க்காத அமைப்பை ஒழுங்காக ஓட்டியிருக்க முடியாது.

இதே நோய் சாதாரண கிடங்கிலும் வரும். வட்டமாகச் சுற்றும் பிரிப்பானில், ஒரு ஊருக்கான சறுக்கு வழி நிரம்பிவிட்டால் அந்த ஊர்ப் பெட்டி இறங்க முடியாமல் மறுசுற்று வரும். பார்கோடு படிக்க முடியாததும் அப்படியே. சுற்றி வரும் ஒவ்வொரு பெட்டியும் புதுப் பெட்டிக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பத்துக்கு ஒன்று மறுசுற்று வந்தால் திறனில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. மாலையில் லாரி ஒன்று தாமதமாக வந்து நான்கு சறுக்கு வழிகள் சேர்ந்தாற்போல் நிரம்பினால், கொஞ்ச நேரத்தில் பிரிப்பான் முழுக்க இறங்க வழியில்லாத பெட்டிகளே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் மும்முரமாக ஓடுவது போலத் தெரியும், கதவுக்கு ஒரு பெட்டிகூடப் போயிருக்காது. சறுக்கு வழியை நீளமாக்குவது, இரண்டு சுற்றுக்கு மேல் வரும் பெட்டியைத் தனி வழியில் இறக்குவது, நெரிசல் ஒரு அளவைத் தொட்டதும் உள்ளே வரும் கிளைகளை நிறுத்துவது என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. மூன்றும் எங்கே, யாரை நிறுத்துவது என்பது பற்றிய முடிவுகள்.

நிற்க இடம் விடச் சொல்லும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. இடையில் பொருள் தேங்க இடம் கொடுத்தால் கோளாறுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும், தேக்கத்தைக் குறைத்தால்தான் பழுது கண்ணில் படும் என்பது டொயோட்டாவில் தைச்சி ஓனோ வளர்த்த சிந்தனை. கார்த் தொழிற்சாலைக்கு அது பெரும் நன்மை செய்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே எந்த வண்டி எத்தனை நொடிக்கு ஒன்று வர வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே வகுக்கிறது. விநியோக மையத்தில் அந்த உரிமை கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு பேர் வாங்குவார்கள், மழையில் லாரி எப்போது வந்து சேரும் என்பதைக் கிடங்கு மேலாளர் வகுக்க முடியாது. வரத்தின் ஏற்ற இறக்கத்தை ஒழிக்க முடியாத இடத்தில், அதைத் தாங்கும் இடம்தான் ஒரே வழி. டொயோட்டாவிலும் கோளாறைக் கண்ட தொழிலாளி நிறுத்தக் கயிற்றை இழுத்த அந்த நொடியே முழுத் தொழிற்சாலையும் நின்றுவிடுவதில்லை. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, நடுவில் சில வண்டிகள் நிற்க இடம் வைத்திருக்கிறார்கள். கோளாறு ஒளிந்துகொள்ளும் என்ற அச்சத்துக்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் சென்சார் இருப்பதால், எங்கே எத்தனை முறை எவ்வளவு நேரம் தேங்கியது என்ற பதிவு இன்று தானாகவே கிடைக்கிறது. அதை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்கும் பொறியாளர் வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் தாராளமாகக் கட்டிவிடலாமே என்றால், அதுவும் பாதாளத்தில் தள்ளும். 1999-இல் அமெரிக்காவில் இணையவழி மளிகை விற்ற வெப்வேன் நிறுவனம், ஓக்லாந்தில் 3,30,000 சதுர அடியில் ஒரு மையம் திறந்தது. உள்ளே 7 கிலோமீட்டருக்கு மேல் கன்வேயர், நாளுக்கு 8000 ஆர்டர் முடிக்கும் திட்டம். அந்த மையம் நிரம்பும் முன்பே, அதே போன்ற 26 மையங்கள் கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு 100 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் போட்டார்கள். எதிர்பார்த்த அளவு ஆர்டர் வரவில்லை, 2001 ஜூலையில் நிறுவனம் திவாலானது. காத்திருக்கும் இடத்தை எங்கே வேண்டுமானாலும் கொட்டி வைப்பதில் பயனில்லை. அமைப்பிலேயே மெதுவான, விலை கூடிய கருவி எதுவோ அதற்கு முன்னால் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் கருவியை நெருக்கமாக வைக்கலாம். தரையில் இடம் இல்லையென்றால் சுழல் கன்வேயர் வைத்து மேலே ஏற்றலாம்.

வெப்வேனில் வேலை பார்த்த மிக் மவுண்ட்ஸ், தரையில் ஆணியடித்த கன்வேயரின் இறுக்கத்தைக் கண்டு அலுத்து, 2003-இல் கிவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அலமாரியையே தூக்கிக்கொண்டு வந்து ஊழியர் முன் நிறுத்தும் ஆரஞ்சு நிற ரோபோக்கள் அங்கேதான் பிறந்தன. அமேசான் 2012-இல் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. இனி கன்வேயரே எதற்கு, ரோபோக்கள் போதாதா என்ற கேள்வி அதிலிருந்து தொடங்கியது. பொருள் எடுக்கும் பகுதியில் ரோபோக்கள் வென்றுவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அமேசான் மையங்களிலும் எடுத்த பொருள் கன்வேயரில்தான் பேக்கிங்குக்குப் போகிறது. ஒரே வழியில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் போக அதைவிட மலிவான முறை இன்னும் வரவில்லை. ரோபோக்கள் ஊழியரின் நிலையத்துக்கு முன்னால் வரிசையில்தான் நிற்கின்றன. சந்திப்புகளில் ஒன்றுக்கு ஒன்று வழிவிட்டுத்தான் நகர்கின்றன. 80 சதவீதத்தில் 4, 95 சதவீதத்தில் 19 என்ற அந்தக் கணக்கு சக்கரம் வைத்த இயந்திரத்துக்கும் பொருந்தும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மனிதரின் பக்கம். இடமே இல்லாத பாதையில் பேக்கிங் மேசைக்கு முன்னால் நிற்கிறவர் இயந்திரத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டவர். தண்ணீர் குடிக்கத் திரும்பினால் பின்னால் இருக்கும் முழு வரிசையும் நிற்கும், மேற்பார்வையாளர் வருவார். அவருக்கு முன்னால் பத்துப் பெட்டி நிற்க இடம் இருந்தால், கடினமான பெட்டிக்கு ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு எளிய பெட்டிகளில் அதை ஈடுகட்ட முடியும். அடைப்பு எடுக்கும் நேரம் இன்னும் ஆபத்தானது. பெட்டி சிக்கிவிட்டது, கிளம்ப வேண்டிய லாரி கதவில் நிற்கிறது, பாதையை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். அந்த அவசரத்தில்தான் ஓடுகிற பெல்ட்டும் ரோலரும் சந்திக்கும் இடுக்கில் கை போகிறது. ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி, மற்றவை ஓடிக்கொண்டிருக்க, நிதானமாகப் பெட்டியை எடுக்கும்படி வடிவமைத்திருந்தால் அந்தக் கை தப்பும். அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்த பின், அதை விடுவித்தால் மட்டும் பாதை தானாக ஓடத் தொடங்கக்கூடாது என்று பாதுகாப்புத் தரங்கள் வலியுறுத்துகின்றன: ஒருவர் வந்து பார்த்து, யாருடைய கையும் உள்ளே இல்லை என்று உறுதி செய்து, தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்காகும் அரை நிமிடத்தைத் தாங்கும் இடம் பாதையில் இல்லையென்றால், அந்தப் பொத்தானை யாராவது ஒருநாள் கம்பி போட்டுத் தாண்டிவிடுவார்கள்.

ஆகவே புதிதாகக் கன்வேயர் அமைப்பு வாங்குகிற நிறுவனம், ஒப்பந்தத்தில் மணிக்கு எத்தனை பெட்டி என்பதோடு இன்னும் சில வரிகளைச் சேர்க்க வேண்டும். இப்போதெல்லாம் கட்டுவதற்கு முன்பே கணினியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். சராசரி நாளின் வரத்தைக் கொடுத்தால் அது சராசரி நாளைத்தான் காட்டும். போன வருடத்தின் மிக நெருக்கடியான நாள் எதுவோ அந்த நாளின் ஆர்டர்களை நிமிடக் கணக்கில் கொடுத்து ஓட்டச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு, பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், முழு வரத்தையும் விட்டு, நடுவில் ஒரு டேப் இயந்திரத்தைப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும். இரண்டு சறுக்கு வழிகளை மூட வேண்டும். பார்கோடு கிழிந்த பெட்டிகளை நூறுக்கு இரண்டு வீதம் கலந்து விட வேண்டும். எந்த இடம் முதலில் நிரம்புகிறது, அடைப்பு எத்தனை கருவிகளுக்குப் பின்னோக்கிப் பரவுகிறது, இயந்திரத்தை மறுபடி ஓட்டிய பிறகு தேக்கம் கரைய எத்தனை நிமிடம் ஆகிறது என்ற மூன்றையும் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ஷிஃப்ட் போதும். அதை நடத்தும்போது விற்பனைப் பிரதிநிதி மட்டும் இருந்தால் போதாது; நாளைக்கு அந்த மேசையில் நின்று பேக்கிங் செய்யப் போகிறவர்களும், நள்ளிரவில் அடைப்பு எடுக்கப் போகும் மெயின்டனன்ஸ் ஆட்களும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவர்கள் சொல்லும் குறைகளும் கையெழுத்துக்கு முன் அந்தச் சோதனைக் குறிப்பில் ஏற வேண்டும்.